மாமா என்னை எண்ணெயில் பார்த்தார்

ஜேர்மனிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, நான் அடுக்கியிருந்த பெட்டியை அவிழ்த்து மறுபடி அடுக்கினார். கொண்டுபோக வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் இருபத்து மூன்று பொருள்கள் இருந்தன. அம்மா அதை முழுவதும் வாசித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் இருபத்து நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார். "மாமா வீட்டுக்குப் போகக் கூடாது."

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறந்தவள். அப்படிப் பிறக்கும் பிள்ளையால் தாய்மாமனின் உயிருக்கு ஆபத்து என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். மாமன் அந்தப் பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது நேரே பார்க்காமல், ஒரு கிண்ணத்து எண்ணெயில் அதன் நிழலைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பயமில்லை. என் விஷயத்தில் அது நடக்கவில்லை. நான் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே மாமா நாட்டைவிட்டுப் போய்விட்டார். போய்ச் சேர்ந்த ஊர் ஜேர்மனியில் எசன்.

இருபத்தெட்டு வருடங்களாக அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனார், என் தாத்தா, இறந்தபோது ஒருமுறை ஊருக்கு வந்தார். அந்த நான்கு நாளும் என்னை மானிப்பாயில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் வீட்டில் விட்டிருந்தார்கள். வீடியோ அழைப்பு வந்த காலத்தில், நான் பேச வந்தால் அம்மா கைப்பேசியை மேலே திருப்பிவிடுவார். மாமாவுக்கு எங்கள் வீட்டு மின்விசிறியை நன்றாகத் தெரியும். குடும்பப் படங்களில் என் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அவருக்கு அனுப்பினார்கள். ஆனால் குரலுக்குத் தடை இருக்கவில்லை. சின்ன வயதில் தொலைபேசியில் எனக்கு வாய்ப்பாடு கேட்டவர், நான் பொறியியல் முடித்து ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகு, "இண்டைக்கு எந்த மெசின் அழுதது?" என்று கேட்பார். அவரும் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். நான் சொல்லும் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

போன வருடம் அவருடைய இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க தினமும் மருந்து. அதனால்தான் அம்மா பயந்தார்.

நான் இதை நம்பியவள் இல்லை. ஆனால் நம்பாமலே இருபத்தெட்டு வருடம் கீழ்ப்படிந்திருந்தேன். பட்டியலில் இருபத்து மூன்றுக்கும் சரி போட்டுவிட்டு, கடைசியை அப்படியே விட்டேன்.

பயிற்சி இரண்டு வாரம். எசனுக்குக் கிழக்கே, மலைகள் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய நகரம். பேரிங்குகளும் மசகு எண்ணெய்களும்தான் பாடம். முதல் நாள் காலையுணவு மேசையில் ஏழு வகைப் பாண் இருந்தது. எண்ணித்தான் சொல்கிறேன். ஏழும் கல் போன்ற தோலும் புளித்த மணமுமாக இருந்தன. எங்கள் ஊரின் மொறுமொறு றோஸ் பாண்கூட இவர்களுக்குப் பஞ்சு மாதிரித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளில் கறுப்புப் பாணில் வெண்ணெய் பூசி, அம்மா தந்துவிட்ட மாசிக் கருவாட்டுச் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டேன். எதிரே இருந்த பெண் மோந்து பார்த்துவிட்டு மேசை மாறினாள். மறுநாள் அவளே வந்து, "நேற்றைய அந்தப் பொருள் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

அந்த ஊரில் மனிதர்கள் சத்தம் போடுவதில்லை. பேருந்தில் தும்மினாலும் ஒருவர் வாழ்த்துச் சொல்வார், பிறகு மறுபடி அமைதி. இரைச்சலைக் கேட்டு இயந்திரத்தின் நோயைக் கண்டுபிடிப்பது என் தொழில். அங்கே எனக்கு வேலையில்லை போல இருந்தது.

முதல் சனிக்கிழமை பான் நகரத்துக்குப் போனேன். மாமாவின் மகள் மிதுனா அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெயரை மாற்றியிருக்கிறேன். அவளைப் பார்க்க எனக்குத் தடையில்லை. மாமனுக்கு மட்டும்தான் நான் ஆகாதவள்.

ரயில் என்னை ஏமாற்றியது. அது ஒரு நிலையத்தில் இரண்டாகப் பிரியும், முன்பாதி ஓரிடத்துக்கும் பின்பாதி வேறிடத்துக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது. அறிவிப்பு ஜேர்மனில் வந்தது, நான் யன்னலில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடுகள் கூடி வீடுகள் குறைந்தன. நாயுடன் வந்த ஒரு வயதானவரிடம் பயணச்சீட்டைக் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்: "பின்பாதிதான் உங்களுடையது. இது மலைக்குப் போகிறது. கவலைப்படாதீர்கள், எல்லோரும் ஒருமுறை மலைக்குப் போகிறவர்கள்தான்." அடுத்த நிலையத்தில் நாயோடு தானும் இறங்கி, எதிர்ப்பக்க மேடை வரைக்கும் கூட்டிப்போய் விட்டார். நாங்கள் மூவரும் இருபது நிமிடம் குளிரில் நின்றோம். அவர் பிறகு எப்படித் தன் ஊருக்குப் போனார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

பானில் மழை. மிதுனா குடையில்லாமல் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. தமிழில் தொடங்கும் வசனம் ஜேர்மனில் முடியும். "மச்சாள், நீங்கள் உண்மையிலேயே இருக்கிறீங்கள்! நான் சின்னனில நீங்கள் ஒரு பேய் எண்டு நினைச்சனான். குரல் மட்டும் வரும், ஆள் வராது."

மழை விடாததால் ஓர் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். பழைய கிரேக்கச் சிலைகளும் மண் ஜாடிகளும். ஒரு ஜாடியின் முன்னால் மிதுனா என்னைப் பிடித்து நிறுத்தினாள். செம்மண் நிற உருவங்கள்: தச்சன் ஒருவன் ஒரு பெரிய பெட்டியில் வேலை செய்துகொண்டிருக்கிறான், பக்கத்தில் கைக்குழந்தையுடன் ஒரு பெண், இன்னொரு பக்கம் கோலூன்றிய கிழவர்.

"இது எங்கட அப்பாவின்ர கதை," என்றாள்.

கிரேக்கப் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. அதனால் அரசன், மகள், பேரன் என்றே எழுதுகிறேன். மிதுனா சொன்னது இது. "இந்த ராசாவுக்கு ஒரு ஒராக்கல்... அதென்ன தமிழில? ஆ, சாத்திரம். ஒரு சாத்திரக்காரி சொல்லிப்போட்டா, உன்ர மகளுக்குப் பிறக்கிற பிள்ளையாலதான் உனக்குச் சாவு எண்டு. அந்தாள் மகளைப் பூட்டி வைச்சது. பிள்ளை எப்பிடியோ பிறந்திட்டுது. பிறகு தாயையும் பிள்ளையையும் இந்தப் பெட்டிக்குள்ள போட்டுக் கடலில விட்டிட்டார். கொல்லவும் பயம், வைச்சிருக்கவும் பயம். பெட்டி ஒரு தீவில ஒதுங்கி, பேரன் வளர்ந்து பெரிய வீரன் ஆகிட்டான். பேய் பிசாசெல்லாம் வெட்டினவன். தாத்தாவில கோவம் இல்லை, சும்மா பாத்திட்டு வருவம் எண்டு வாறான். கிழவர் கேள்விப்பட்டு வேற ஊருக்கு ஓடிட்டார். பேரன் போற வழியில ஒரு ஊரில விளையாட்டுப் போட்டி. வட்டு எறியிறது தெரியும்தானே? எறிஞ்சான். காத்து அடிச்சு அது சனத்துக்குள்ள போய் ஒரு கிழவரில பட்டிட்டுது. ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஒளிச்சு ஓடினவர் என்னத்துக்கு ஸ்போர்ட் பாக்கப் போனவர்? அதுதான் எனக்கு விளங்கேல்லை," என்றாள் மிதுனா.

"பயந்து பயந்து அலுத்திருக்கும்," என்றேன். "அந்தப் பேரன் பிறகு என்ன செய்தவன்?"

"தாத்தாவின்ர நாட்டை ஆள வெக்கமாம். வேற ஒரு ராசாவோட நாட்டை மாத்திக்கொண்டு போயிட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் எழுதியிருக்கு. நீங்கள் என்ன, விசாரணை வைக்கப் போறீங்களே?"

வைக்கத்தான் வேண்டும் என்று பட்டது. தொழிற்சாலையில் ஒரு விபத்து நடந்தால் நாங்கள் காரணங்களை வரிசையாக எழுதுவோம். காற்றின் திசை, பார்வையாளர்கள் நின்ற தூரம், எறிந்தவன் கை நழுவியதா என்று. அந்த ஜாடியில் எறிந்தவன் இன்னும் தாயின் இடுப்பில் இருக்கிறான், கையைத் தச்சன் பக்கம் நீட்டிக்கொண்டு. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்தபோது மிதுனா விஷயத்துக்கு வந்தாள். "அப்பா உங்களைப் பாக்க வேணுமாம். வாற சனி வீட்டை வாங்கோ. எங்கட அம்மா முதல்ல ஏலாது எண்டவா. இப்ப ஓம் எண்டிட்டா. ஆனால் எண்ணெயோட."

அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். புதன்கிழமை மாமாவே தொலைபேசியில் எடுத்தார். "பிள்ளை, இருபத்தெட்டு வருசம் பயந்து என்னத்தைக் கண்டம்? வால்வ் பழுதாப் போனது நீ வந்தே? உன்னைப் பாக்காமலே அது பழுதாப் போச்சு. வா."

"அம்மா வேண்டாமெண்டு சொன்னவா, மாமா."

"அக்கா சின்னனில இருந்து எனக்குச் சொல்லாததே? கிணத்தடிக்குப் போகாதை, மரத்தில ஏறாதை... நான் எல்லாம் ஏறி விழுந்து இப்பவும் இருக்கிறன்தானே?"

நான் ஓம் என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பயிற்சி வெள்ளியோடு முடிந்தது, ஞாயிறு பின்னேரம் விமானம். நடுவில் சனிக்கிழமை மட்டும் இருந்தது.

எசனில் மாமா வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டில் யாரோ முட்டைக்கோவா இலை அவிக்கும் மணம் வந்தது. மூன்றாம் மாடியில் அதை மிளகாய்த்தூள் அடித்துத் துரத்தியிருந்தது. மாமி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, "அப்பிடியே நில்லுங்கோ பிள்ளை," என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு உள்ளே திரும்பி, "அங்கால திரும்புங்கோ!" என்று மாமாவுக்குக் கத்தினார்.

மாமா குசினியில், அடுப்பருகே, யன்னலைப் பார்த்தபடி ஒரு முக்காலியில் இருந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய முதுகு. நீலக் கம்பளிச் சட்டை, மெலிந்த தோள்கள், பின்னந்தலையில் ஒரு வட்ட வழுக்கை. குரலை வைத்து நான் கற்பனை செய்திருந்த ஆள் இதைவிடப் பெரியவர்.

"வந்திட்டியே?" என்றார், திரும்பாமல்.

"வந்திட்டன் மாமா."

கிண்ணத்தை முதலில் மேசையில் வைத்துப் பார்த்தார்கள். நல்லெண்ணெயில் மின்விளக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "லைட்டை நூருங்கோ," என்றார் மாமா. அணைத்தால் ஒன்றுமே தெரியவில்லை. "கிண்ணம் பளபளக்குது, கறுப்புச் சட்டி எடுங்கோ," என்றேன் நான். அதைத் தரையில், யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் வைத்தோம். எண்ணெயைக் கூட்டி விடச் சொன்னதும் நான்தான். சரியான கோணத்தைக் கணக்குப் பார்த்து மாமாவின் முக்காலியை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தினேன்.

"முன்னுக்கு வராதை! பின்னால நிண்டு குனி," என்று மாமி பதறினார்.

"மச்சாள், கண்ணாடியைக் கழட்டுங்கோ. அப்பா பிறகு கண்ணாடி போட்ட குழந்தை எண்டு பயந்திடுவார்," என்றாள் மிதுனா.

மாமாவின் தோளுக்கு மேலாகக் குனிந்தேன். எண்ணெய் அசைந்து நின்றது. மஞ்சள் கறுப்பாக, ஆழத்தில் இருந்து வருவது போல இரண்டு முகங்கள். அவர் இன்னும் கிட்டக் குனிந்தார். அவருடைய மூச்சில் எண்ணெயின் மேற்பரப்பு சுருங்கியது.

"அக்காவின்ர மூக்கு," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் உடம்பு குலுங்கி, கால் சட்டியில் பட்டது. எண்ணெய் தரையில் ஓடியது.

"ஐயோ!" என்றார் மாமி. பிறகு, மாமா ஏற்கெனவே திரும்பி என்னை நேரே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அவரும் சிரித்து அழத் தொடங்கினார். "முடிஞ்சுது. பாத்தாச்சு. இனிப் பயமில்லை."

நான் சமையல் தாள் உருளையை எடுத்து, முழந்தாளிட்டுத் தரையைத் துடைத்தேன். ஒன்பது தாள்கள். கடைசித் தாளில் கறை வரவில்லை. எழுந்துவிட்டேன்.

சாப்பாடு புட்டு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. மாமா என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடக்கையால் கறி எடுப்பது அம்மாவின் பழக்கம், எனக்கும் அது வந்திருக்கிறதாம். பட்டறைக் கதைகள் சொன்னார். முதல் குளிர்காலத்தில் உறைந்த குளத்தை மைதானம் என்று நினைத்துக் குறுக்கே நடந்து போய், அக்கரையில் சனம் கைதட்டியதைச் சொன்னார். சாப்பிட்டு முடிந்ததும், "தேத்தண்ணி நான் போடுறன். என்ர மருமகளுக்கு என்ர கையால," என்று குசினிக்குப் போனார்.

காலில் கம்பளிக் காலுறை. சத்தம் ஒன்று கேட்டது. நான் ஓடிப்போனபோது மாமா தரையில் இருந்தார், தலையின் பக்கத்தைத் தடவிக்கொண்டு.

எண்ணெய் குளமாக நின்றால் கண்ணுக்குத் தெரியும், ஆள் விலகிப் போவார். உலர்ந்த தாளால் துடைத்த பிறகு எஞ்சுவது ஒரு மெல்லிய படலம். ஓட்டுத் தரையில் அதுதான் வழுக்கும். சவர்க்காரத் தண்ணீர் போட்டுக் கழுவாமல் அது போகாது. இதைப் படிப்பதற்காகத்தான் என்னை ஜேர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை," என்று எழுந்துவிட்டார். மேசை விளிம்பில் தலை பட்டிருந்தது, சின்ன வீக்கம். அம்புலன்ஸுக்குச் சொல்லலாம், இரத்தம் உறையாத மருந்து எடுக்கிறீர்கள் என்றேன். "டெர்மின் எண்டு நேரம் குறிக்காமல் போனால் நாலு மணித்தியாலம் ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருக்க வேணும். நீ நாளைக்குப் போயிடுவாய். உன்னோட இருக்கிறதோ, வாங்கில இருக்கிறதோ?" என்றார். நான் ஒருமுறை கேட்டேன், இன்னொருமுறை கேட்கவில்லை. அவர் தேநீரும் போட்டார். நன்றாக இருந்தது. பின்னேரம் வரை கதைத்தோம். என் வாழ்க்கையில் மாமாவின் முகத்தோடு நான் கழித்த நேரம் கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம்.

ஞாயிறு காலை, பயிற்சி விடுதியில் நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மிதுனா எடுத்தாள். "அப்பா சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறார். வாய் குழறுது. அம்புலன்ஸ் வந்திட்டுது."

கிடைத்த ரயிலில் எசன் வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே ஓர் இளம் மருத்துவர், எப்படி விழுந்தார் என்று கேட்டார். வழுக்கி விழுந்தார் என்றாள் மிதுனா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது. துடைத்தது நான். சரியாகத் துடைக்கவில்லை." அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி மருந்தின் அளவைப் பற்றியது. மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. மிதுனாவுக்குத் தெரியும். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். மெதுவாக விட்டாள்.

மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. அன்றே திறந்து எடுத்தார்கள். மருந்தினால் கசிவு நிற்கவில்லை. விமானம் நான் இல்லாமல் போனது.

காத்திருக்கும் அறையில் இரண்டு நாள். சுவரில் ஒரு கடற்கரைப் படம், கீழே செயற்கைச் செடி. ஒவ்வொரு கதிரைக்கும் நடுவில் ஒரு கதிரை விட்டு அமரும் மனிதர்கள். ஒரு துருக்கிக் கிழவி யாரிடமும் கேட்காமல் எல்லோருக்கும் தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். எங்கள் ஊரிலானால் இந்நேரம் யாராவது என்னிடம் முழுக் கதையையும் கேட்டு முடித்திருப்பார்கள். அங்கே கேட்க ஆளில்லாததால் எனக்கு நானே விசாரணை வைத்தேன். குறிப்பேட்டில் காரணங்களை எழுதினேன். சட்டியைத் தரையில் வைத்தது. எண்ணெயைக் கூட்டி விடச் சொன்னது. உலர்ந்த தாள். அவருடைய காலுறை. அம்புலன்ஸை இரண்டாம் தரம் கேட்காதது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போட்டேன். காலுறையைத் தவிர எல்லாவற்றிலும் என் பெயர் வந்தது. சடங்கே வேண்டாம் என்றிருந்தால் எண்ணெயே இல்லை என்று ஆறாவதாக எழுதப் போனபோது, மாமியின் பெயரைப் போட வேண்டி வந்தது. எழுதாமல் குறிப்பேட்டை மூடினேன்.

எறிந்தவனைப் பற்றி யோசித்தேன். சாத்திரக்காரி அவனைச் சபித்தாள் என்றுதான் பானில் நினைத்திருந்தேன். சாத்திரம் இல்லாவிட்டால் அவன் யார்? சனம் கூடிநின்ற இடத்தில் கவனமில்லாமல் எறிந்து ஒரு கிழவரைக் கொன்றவன். அவனை வீரன் என்று யாரும் கொண்டாடியிருக்க மாட்டார்கள். கடவுள் முன்பே சொல்லி வைத்ததால், அவனைப் பார்த்து யாரும் "ஏன் பார்த்து எறியவில்லை?" என்று கேட்கவில்லை. நாட்டை மாற்றிக்கொண்டு போனானே, அந்தக் கேள்வியை அவன் தன்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

மாமா செவ்வாய் காலை இறந்தார். ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை.

நடைபாதையில் மிதுனா என்னிடம் வந்தாள். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசியிருக்கவில்லை. "மச்சாள், எண்ணெய் துடைச்ச கதையை எங்கட அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். ப்ளீஸ்."

வீட்டில் சனம் நிறைந்தது. எசனில் இத்தனை தமிழர் இருக்கிறார்களா என்று இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார்கள். தாழ்வாரத்தில் கழற்றி வைத்த சப்பாத்துகள் மூன்று வரிசை. நான் குசினியில் நின்று பாத்திரம் கழுவினேன். தரையை யாரோ கழுவியிருந்தார்கள். எலுமிச்சை மணம் அடித்தது. மாமி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மிதுனா கேட்டுக்கொண்டதை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

"மாமி, அண்டைக்கு நான் சரியாத் துடைக்கேல்லை. அதாலதான் மாமா..."

"தெரியும்," என்றார்.

நான் குழாயை மூடினேன்.

"நான் இதில நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தனான். சோப் தண்ணி போட்டுத் துடை பிள்ளை எண்டு சொல்ல வாயெடுத்தனான். முதல்தரம் வந்த பிள்ளை, குனிய விட்டதே பிழை, பிறகு நான் கழுவுவம் எண்டு விட்டிட்டன். பிறகு சந்தோசத்தில மறந்திட்டன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "எண்ணெய் வேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டதும் நான். அவர் சும்மா பாப்பம் எண்டவர்."

"மாமி, அது..."

"கேளுங்கோ. நீங்கள் துடைச்சது பிழை எண்டால், நான் சொல்லாமல் நிண்டதும் பிழை. அப்பிடியெண்டால் நான் இந்தக் குசினியில எப்பிடிச் சமைக்கிறது? உங்கட அம்மாவோட எப்பிடிக் கதைக்கிறது? நீங்கள் பிறந்த பலன் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. அது வரவேண்டியது, வந்திட்டுது." என் ஈரக் கையைப் பிடித்தார். "உங்களில அது ஒட்டும். எனக்குத் தெரியும். இனிச் சனம் உங்களைத்தான் காட்டும். எண்டாலும் எனக்காக அப்பிடியே விடுங்கோ."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் முன்னறைக்குப் போனார். நான் தேநீர்த் தட்டோடு பின்னால் போனபோது, சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தி என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். மாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஓம் அக்கா, என்ர மச்சாளின்ர மகள். கொடி சுத்திப் பிறந்தது. எண்ணெயில காட்டினனாங்கள்தான். பிந்திப் போச்சு."

அந்த அறையில் யாரும் என்னைக் கோபத்தோடு பார்க்கவில்லை. தலைகள் மெதுவாக ஆடின. ஒருத்தி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "இருங்கோ பிள்ளை, பாவம், நீங்கள் என்ன செய்வீங்கள்," என்று என்னைத் தன் பக்கத்தில் அமர்த்தினாள். மூலையில் நின்ற மிதுனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா எடுத்தார். செத்தவீட்டுச் செய்தியையும் நான் அங்கே வந்ததையும் மாமியே காலையில் சொல்லியிருந்தார். அம்மா என்னோடு இன்னும் பேசவில்லை. முதல் கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது.

"என்ன நடந்தது பிள்ளை? எனக்கு உள்ளதைச் சொல்லு."

ஜேர்மன் வைத்தியசாலையின் காகிதத்தில் எண்ணெயும் தரையும் நான் துடைத்ததும் எழுதப்பட்டிருந்தன. அதே மூன்று வசனங்கள் என் வாயில் தயாராக இருந்தன. எதிரே மாமி, மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, என் உதடுகளைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ர பலன்தான் அம்மா," என்றேன். "நான் வந்திருக்கக் கூடாது."

மாமி கண்ணை மூடினார்.

"இல்லைப் பிள்ளை, அப்பிடிச் சொல்லாதை," என்றார் அம்மா. தம்பியை இழந்த அழுகைக்கு நடுவில், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "நீ பிறந்த நேரத்துக்கு நீ என்ன செய்வாய்? உன்னில ஒரு பிழையும் இல்லை. கேக்குதே? உன்னில ஒரு பிழையும் இல்லை."

"ஓம் அம்மா," என்றேன். "கேக்குது."